மூன்று சுழி ண தெரிகிற மானிட்டர்

"கண் பழகிவிடும்." மானிட்டர் பற்றிய பேச்சில் அடிக்கடி காதில் விழும் இந்த ஆறுதலை என்னால் ஏற்கவே முடிந்ததில்லை. மடிக்கணினியின் சின்னத் திரையோடு மல்லுக்கட்டி அலுத்துப்போன ஒருவர் 27 அங்குலத்தில் தனி மானிட்டர் வாங்கி மேசையில் வைக்கிறார். படம் பளிச்சென்று இருக்கிறது, வீடியோவிலும் குறை இல்லை. ஆனால் பத்து நிமிடம் ஒரு கட்டுரையைப் படித்தால் எழுத்து நூலிழை அளவுக்குக் கலங்கித் தெரிகிறது. பக்கத்திலேயே திறந்திருக்கும் மடிக்கணினியில் அதே எழுத்து கூர்மையாக இருக்கிறது. சாயங்காலத்துக்குள் நெற்றிப்பொட்டு கனக்கிறது. யாரைக் கேட்டாலும் அதே பதில்தான்: கண் பழகிவிடும். அவர் அந்த மானிட்டரை நான்கைந்து வருடம் அப்படியே வைத்துக்கொண்டு தினமும் எட்டு மணி நேரம் அதன்முன் உட்காரப்போகிறார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பழக வேண்டிய தேவையே இல்லை. கலங்கலுக்குக் காரணம் இருக்கிறது, பெரும்பாலும் அதை வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

தமிழ் படிப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நம் எழுத்தே நல்ல சோதனைக் கருவி. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன, இவற்றின் மேல் உட்காரும் புள்ளி, ளகரத்தின் வளைவு, ணூ போன்ற அடர்த்தியான வடிவங்கள் எல்லாம் சின்ன இடத்துக்குள் நிறையக் கோடுகளை நெருக்குகின்றன. 'அண்ணன் மன்னன்' என்று 12 புள்ளி (பாயின்ட்) எழுத்தளவில் அடித்து, வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்து பாருங்கள். சுழிகளை எண்ண முடிகிறதா, இல்லை சூழலை வைத்து ஊகித்துப் படிக்கிறீர்களா? ஊகித்துப் படிப்பதாக இருந்தால் அந்தத் திரை நாள் முழுக்க வாசிப்பதற்கு உகந்ததல்ல. வண்ணமலர்ப் படங்களை ஓடவிட்டுக் காட்டும் கடைத் திரையில் இது ஒருநாளும் தெரியவராது.

அங்குலமும் பிக்சலும்

முதல் கணக்கு எளிது. திரையின் அகலப் பிக்சலையும் உயரப் பிக்சலையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அங்குல அளவால் வகுத்தால் ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்பது கிடைக்கும். 1920×1080 திரை 24 அங்குலத்தில் வந்தால் அங்குலத்துக்கு 92 பிக்சல். அதே 1920×1080 திரையை 27 அங்குலத்துக்கு இழுத்தால் 82தான். பெரிய திரை வாங்கியவர் உண்மையில் பெரிய புள்ளிகளை வாங்கியிருக்கிறார். ஒரு வரி கூடுதலாகத் தெரியாது, எழுத்தின் விளிம்பு மட்டும் படிக்கட்டாகும். 27 அங்குலத்தில் 2560×1440 என்றால் 109. அதே 27 அங்குலத்தில் 4கே, அதாவது 3840×2160 என்றால் 163. 32 அங்குல 4கே 138. ஆனால் 32 அங்குலத்தில் 2560×1440 வாங்கினால் மறுபடியும் 92க்கே திரும்பிவிடுகிறோம். 'ரெசல்யூஷன் கூடியிருக்கிறதே' என்று நினைத்து ஏமாறும் இடம் இதுதான்.

இந்த எண்கள் எழுத்தில் எப்படித் தெரியும்? விண்டோஸில் திரைக்காட்சியின் அளவை (ஸ்கேல்) 100 சதவீதத்தில் வைத்தால் 12 புள்ளி எழுத்துக்குக் கிடைப்பது 16 பிக்சல் உயரம். மேலே புள்ளிக்கும் கீழே தொங்கும் வளைவுக்கும் இடம் விட்டது போக, ணகரத்தின் சுழிகளுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். கோட்டுக்கு ஒரு பிக்சல், கோட்டுக்கு நடுவே இருக்கும் வெளிக்கு ஒரு பிக்சல் என்று நெருக்கியடித்து நிற்கும். கோடு அரைப் பிக்சலில் விழுந்தால் இரண்டு பக்கமும் சாம்பல் பூசி ஒப்பேற்ற வேண்டியதாகிறது. அந்தச் சாம்பல்தான் நமக்குக் கலங்கலாகத் தெரிகிறது. அதே எழுத்தை 200 சதவீதத்தில் வரைந்தால் 32 பிக்சல் கிடைக்கும். சுழி சுழியாகவே நிற்கும். என் கருத்தில், படிப்பும் எழுத்தும்தான் வேலை என்றால் 27 அங்குல 4கே திரைக்கு ஈடு இல்லை. அது கைக்கு எட்டாவிட்டால் 27 அங்குலத்தில் 2560×1440, அதுவும் இயலாவிட்டால் 24 அங்குலத்தில் 1920×1080. 27 அங்குலத்தில் 1920×1080 மட்டும் வேண்டாம்.

விண்டோஸில் 27 அங்குல 4கே திரையை 150 சதவீதத்தில் வைத்தால் வேலைப்பரப்பு 2560×1440 திரையின் அளவுக்கு இருக்கும், எழுத்து மட்டும் அதைவிடக் கூர்மையாக இருக்கும். புதிய மென்பொருள்கள் உண்மையான பிக்சல் அளவிலேயே எழுத்தை வரைந்துகொள்கின்றன. பழைய மென்பொருள்கள் 100 சதவீதத்தில் வரைந்து கொடுக்க, விண்டோஸ் அதை ரப்பர்போல இழுத்துக் காட்டும். மற்றதெல்லாம் கூர்மையாக இருந்து ஒரே ஒரு கணக்குப்பதிவு மென்பொருள் மட்டும் மங்கலாக இருந்தால் காரணம் இதுதான், மானிட்டரில் குறை இல்லை. மேக்கின் வழி வேறு. 4கே போன்ற அடர்த்தியான திரையில் அது எல்லாவற்றையும் இரட்டிப்பு அளவில் வரைந்துவிட்டுப் பிறகு திரைக்கு ஏற்றபடி சுருக்கும். 27 அங்குல 4கே திரையில் '2560×1440 போல' என்று தேர்ந்தெடுத்தால் உள்ளே 5120×2880 படம் வரையப்பட்டு 3840×2160க்குச் சுருங்குகிறது. இந்தச் சுருக்கத்தில் மெல்லிய மென்மை ஒன்று ஒட்டிக்கொள்ளும். பலருக்கு அது தெரியாது, தெரிந்தவர்களுக்கு உறுத்தும். மேலும் 2018இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து துணைப்பிக்சல், அதாவது ஒரு பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் பகுதிகள் வழியாக எழுத்தை மெருகேற்றும் முறையை மேக் இயல்புநிலையில் நிறுத்திவிட்டது. அதனால்தான் அங்குலத்துக்கு 109 பிக்சல் திரை விண்டோஸில் சுமுகமாகவும் மேக்கில் சொரசொரப்பாகவும் தெரிகிறது. மேக் வைத்திருப்பவர் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதித் தவறு குறையும்.

கலங்கல் கேபிளில் இருந்தது

இவ்வளவும் சரியாகப் பார்த்து 27 அங்குல 4கே திரையே வாங்கியும் எழுத்து கலங்கினால்? நிறையப் பேர் மானிட்டரைத் திருப்பி அனுப்புவது இந்தக் கட்டத்தில்தான். அந்தத் திரைகளில் பலவற்றில் எந்தக் குறையும் இருந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

கணினி ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று மதிப்புகளை அனுப்புவதுதான் முறை. தொலைக்காட்சி உலகத்தில் வேறொரு சிக்கன வழி உண்டு. வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாக அனுப்பிவிட்டு, நிறத்தை மட்டும் நான்கு பிக்சலுக்குப் பொதுவாக ஒன்று என்று அனுப்புவார்கள். 4:2:0 என்று சொல்வது இதைத்தான். முகமும் மரமும் கடலும் ஓடும் படத்தில் இந்தச் சிக்கனம் கண்ணுக்குப் படாது. எழுத்தின் கோடோ ஒரு பிக்சல் அகலம். பக்கத்துப் பிக்சலின் நிறத்தை அதன்மேல் பூசினால் விளிம்பில் வண்ணச் சாயம் கசிகிறது. கறுப்பு எழுத்து ஏதோ அழுக்காகத் தெரியும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தோ நீல எழுத்தோ வைத்தால் கரைந்தே போகும். இதைச் சோதிக்க எந்த மென்பொருளும் வேண்டாம். எழுதும் செயலியில் பின்னணியைக் கறுப்பாக்கி, சின்ன அளவில் சிவப்பில் ஒரு வரி, நீலத்தில் ஒரு வரி எழுதி, வெள்ளையில் எழுதிய வரியோடு ஒப்பிட்டால் போதும். வெள்ளை கூர்மையாக நின்று சிவப்பும் நீலமும் இழுவிக்கொண்டால், வழியில் நிறம் குறைக்கப்படுகிறது.

கணினி ஏன் அப்படி அனுப்புகிறது? கேபிளில் இடம் போதாததால். 3840×2160 பிக்சல், நொடிக்கு 60 முறை, பிக்சலுக்கு 24 பிட். பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 12 கிகாபிட். இடைவெளிக்கும் குறியாக்கத்துக்கும் சேர்த்தால் இன்னும் ஏறும். கணினியையும் திரையையும் இணைக்கும் எச்டிஎம்ஐ முறையின் 1.4 பதிப்புக்கு மொத்தக் கொள்ளளவு 10.2 கிகாபிட்தான். எனவே ஒன்று 30 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 30 முறைக்கு இறங்க வேண்டும், அல்லது நிறத்தைக் குறைக்க வேண்டும். 30 ஹெர்ட்ஸில் மவுஸ் அம்பு தாவித்தாவி ஓடும்; அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். எச்டிஎம்ஐ 2.0 என்றால் 18 கிகாபிட், 4கே 60 ஹெர்ட்ஸ் முழு நிறத்தோடு சரியாகப் பொருந்தும். ஆனால் அதன்மேல் 10 பிட் எச்டிஆரை (வெளிச்ச வீச்சைக் கூட்டிக் காட்டும் முறையை) இயக்கினால் மறுபடியும் இடம் போதாமல் நிறம் குறையலாம். அலுவலக வேலைக்கு எச்டிஆர் அணைந்திருப்பதே நல்லது. எச்டிஎம்ஐ 2.1 என்ற முத்திரையையும் நம்பிவிட வேண்டாம். 2.0 என்ற விவரக்குறிப்பே 2.1க்குள் இணைக்கப்பட்டுவிட்டதால், பழைய வேகம் மட்டும் உள்ள போர்ட்டுக்கும் 2.1 என்று பெயரிட முடிகிறது. வேகத்தையும் ஹெர்ட்ஸையும் எண்ணாகக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

கேபிளும் போர்ட்டும் சரியாக இருந்தும் மானிட்டரின் மெனுவுக்குள் ஒரு தடை ஒளிந்திருக்கும். பழைய கருவிகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று சில மானிட்டர்களின் எச்டிஎம்ஐ போர்ட் பழைய வேகத்தில் பூட்டப்பட்டே வருகிறது. எச்டிஎம்ஐ போலவே படம் கொண்டுபோகும் டிஸ்ப்ளேபோர்ட்டிலும் 1.1, 1.2, 1.4 என்று தேர்ந்தெடுக்கும் வரி சில மெனுக்களில் உண்டு. அதைத் திறந்துவிட்ட கணம் திரை ஒருமுறை இருண்டு மீளும். அதே திரை, அதே எழுத்து, ஆனால் சுழிகள் எல்லாம் தனித்தனியாக நிற்கும். இந்த மாற்றத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அதற்குப் பிறகு மானிட்டரைத் தனிப்பொருளாக நினைக்க மாட்டார்கள். வரைகலைச் சிப், போர்ட், அடாப்டர், கேபிள், மெனு, பேனல் என்று ஒரு சங்கிலி இருக்கிறது. அதில் எந்தக் கண்ணி இளைத்திருந்தாலும் திட்டு விழுவது கடைசியில் கண்ணுக்குத் தெரியும் பேனல் மீதுதான்.

விண்டோஸில் இதை ஒரே பக்கத்தில் பார்க்கலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் டெஸ்க்டாப் அளவு ஒரு வரியிலும் உண்மையாகப் போகும் சிக்னலின் அளவு அடுத்த வரியிலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கீழே ஹெர்ட்ஸ், பிட் ஆழம், நிற வடிவம். நிற வடிவம் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் முழுதாக) என்று இருந்தால் நிம்மதி. கறுப்பு சாம்பலாக வெளுத்தோ, இருட்டான பகுதிகள் ஒரே கறுப்பாக அடைத்துக்கொண்டோ தெரிந்தால் அது வேறு பிழை. கணினி 0 முதல் 255 வரை அனுப்ப, திரை 16 முதல் 235 வரை எதிர்பார்க்கிறது, அல்லது நேர்மாறாக. வரைகலைச் சிப்பின் அமைப்பிலும் மானிட்டர் மெனுவிலும் முழு வீச்சு என்று ஒன்றுபோல வைத்தால் சரியாகிவிடும். மெனுவில் ஷார்ப்னஸ் ஏற்றி வைத்திருந்தால் எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல் விழும். அதை நடுநிலைக்கு இறக்குங்கள்.

யூஎஸ்பி-சி என்ற ஒரே ஓட்டை

ஒரே கேபிளில் படமும் சார்ஜும் தரவும் போகும் என்பது உண்மைதான். ஆனால் யூஎஸ்பி-சி என்பது ஓட்டையின் வடிவத்துக்குப் பெயர், அதற்குள் என்ன ஓடும் என்பதற்கல்ல. மடிக்கணினியின் போர்ட் டிஸ்ப்ளேபோர்ட் மாற்றுமுறையையோ (ஆல்ட் மோடு) தண்டர்போல்ட்டையோ ஆதரித்தால்தான் படம் வரும். விவரக்குறிப்பில் இந்தச் சொற்கள் இல்லையென்றால் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியோடு வரும் சார்ஜ் கேபிள்களில் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டுமே இருக்கும், அவற்றில் படம் போகாது. ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப் வழியாக இணைத்தால் 4கே 30 ஹெர்ட்ஸில் நின்றுவிடுகிறதே என்ற புகாருக்கும் காரணம் தெளிவானது. யூஎஸ்பி-சியில் வேகமான தடங்கள் நான்கு. ஹப் வேகமான யூஎஸ்பி தரவுக்கு இரண்டைப் பிடித்துக்கொண்டால் படத்துக்கு மிஞ்சுவது இரண்டுதான். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் அந்த இரண்டு தடங்களில் 4கே 60 ஹெர்ட்ஸ் நுழையாது. மடிக்கணினி, ஹப் இரண்டும் 1.4 வேகத்தில் இருந்தால் நுழையும். யூஎஸ்பி-சி உள்ள சில மானிட்டர்களின் மெனுவில் 'படத்துக்கு முன்னுரிமை, தரவுக்கு முன்னுரிமை' என்ற தேர்வு இருப்பது இதற்காகத்தான்.

சார்ஜ் விஷயத்தில் மடிக்கணினியோடு வந்த அடாப்டரின் வாட் எண்ணைப் பாருங்கள். அது 90 வாட் என்று இருக்க, மானிட்டர் 65 வாட்தான் தரும் என்றால், சும்மா இருக்கும்போது சார்ஜ் ஏறும், கனமான வேலையில் பேட்டரி மெல்லக் கரையும். இரண்டு மானிட்டர் வைக்க நினைக்கும் மேக் பயனர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எம்1, எம்2 அடிப்படைச் சிப் உள்ள மேக்புக்குகள் ஒரே ஒரு வெளித் திரையைத்தான் இயல்பாக ஆதரிக்கும். ஒரு மானிட்டரிலிருந்து அடுத்ததற்கு டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை நீட்டிச் சங்கிலியாக்கும் வசதியும் மேக்கில் தனித்தனித் திரைகளாக வேலை செய்யாது.

பேனல், ஒளி, பெட்டியின் மேல் எண்கள்

பேனல் வகையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்கு ஐபிஎஸ் என்ற வகை போதும். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாது, கறுப்பு மட்டும் சற்று வெளிறும். விஏ என்ற வகையில் கறுப்பு ஆழமானது, ஆனால் இருண்ட பின்னணியில் எழுத்தை உருட்டும்போது நிழல் இழுவும். இருண்ட தோற்றத்தில் நிரல் எழுதுபவர்களுக்கு அது தொல்லை. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்ஈடி படம் பார்க்க அற்புதம். ஆனால் பல ஓஎல்ஈடி பேனல்களில் துணைப்பிக்சல்களின் அடுக்கு வழக்கமான வரிசையில் இல்லாததால் எழுத்தின் விளிம்பில் நிறக்கோடு தெரியலாம். டாஸ்க்பார் போல அசையாமல் நிற்கும் பகுதிகள் நாளடைவில் தழும்பாகும் அபாயமும் உண்டு. நாள் முழுக்க ஒரே அட்டவணையைத் திறந்து வைத்திருப்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண்களில் பலவற்றைக் கடந்து போகலாம். பத்து இலட்சத்துக்கு ஒன்று என்ற டைனமிக் கான்ட்ராஸ்ட்டுக்குப் பொருளே இல்லை. ஐபிஎஸ் பேனலின் உண்மையான கான்ட்ராஸ்ட் பெரும்பாலும் 1000:1 அளவில்தான் இருக்கும். பிக்சல் நிறம் மாற 1 மில்லிநொடி என்பது, பின்னால் பேய்நிழல் விழும் அளவுக்கு ஓவர்டிரைவை (பிக்சலை விரைந்து மாற வைக்கும் அமைப்பை) முறுக்கி எடுத்த எண்ணாக இருக்கலாம். டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 சான்றிதழுக்கு, பேனலின் பின்னால் எரியும் விளக்கான பேக்லைட்டைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி தேவையில்லை. எனவே அந்த முத்திரை ஆழமான கறுப்புக்கு உத்தரவாதம் அல்ல.

பெட்டியில் பெரும்பாலும் சின்னதாக இருக்கும் ஒரு சொல் எனக்கு முக்கியம்: ஃப்ளிக்கர்-ஃப்ரீ. வெளிச்சத்தைக் குறைப்பதற்கு விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரிய வைப்பது ஒரு வழி. மின்னோட்டத்தையே குறைப்பது மற்றொரு வழி. முதல் வழி சிலருக்குத் தலைவலி தரும், அதுவும் வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்கக் கூடும். சோதிக்க ஒரு பென்சில் போதும். திரையை முழு வெள்ளையாக்கி, வெளிச்சத்தைக் கால்பங்காகக் குறைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, பென்சிலைத் திரைக்கு முன் விசிறிபோல வேகமாக ஆட்டுங்கள். நிழல் ஒரே பட்டையாகக் கலங்கினால் நல்லது. தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் விளக்கு துடிக்கிறது.

ஐந்தாவது வருடத்தில்

நம்பகம் என்று சொல்லும்போது நான் நினைப்பது வாங்கிய நாளை அல்ல. பல பேக்லைட்டுகளுக்கு 30,000 மணி நேரம் என்று ஆயுள் குறிப்பார்கள். அதற்குள் அணைந்துவிடும் என்று பொருளல்ல, வெளிச்சம் பாதியாகக் குறைய அவ்வளவு காலம் ஆகும் என்பது பொருள். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் பத்து வருடம். சாதாரண அறை வெளிச்சத்தில் 120 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவே படிக்கப் போதுமானது. 300 நிட்ஸ் திரையை முழு வெளிச்சத்தில் எரியவிடுவது கண்ணுக்கும் நல்லதல்ல, விளக்குக்கும் நல்லதல்ல. பல மானிட்டர்களில் பேனலுக்கு முன்பே தளர்வது மின்வழங்கிதான். அது வெளியே தனி அடாப்டராக இருந்தால், அதே வோல்ட், அதே முனைத்துருவம், அதற்குக் குறையாத ஆம்பியர் உள்ள இன்னொன்றை வாங்கி மாட்டிவிடலாம். உள்ளே இருந்தால் மேசை துப்புரவாக இருக்கும், பழுதானால் பெட்டியைப் பிரிக்க வேண்டும். எனக்கு வெளி அடாப்டரே உசத்தி. பின்புறம் 100×100 மில்லிமீட்டரில் நான்கு திருகு ஓட்டைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கூட வரும் ஸ்டாண்டில் உயரம் மாற்ற முடியாவிட்டாலும், பிறகு மானிட்டரைத் தாங்கும் கை (ஆர்ம்) ஒன்றை வாங்கி மாட்டித் திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவரலாம்.

தூக்கத்திலிருந்து எழாத மானிட்டர் இன்னொரு பெருந்தொல்லை. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் 20ஆம் ஊசி மின்சாரத்துக்கானது. முறையாகச் செய்த சாதாரணக் கேபிளில் அது இணைக்கப்பட்டிருக்காது. மலிவான சில கேபிள்களில் இணைத்துவிடுகிறார்கள். மானிட்டரின் மின்சாரம் கணினிக்குள் திரும்பிப் பாய்ந்து, கணினி தொடங்க மறுப்பது, தூங்கினால் எழாமல் போவது என்று விநோதமான கோளாறுகள் வரும். மானிட்டரைச் சந்தேகிப்பதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பிக்சல் பழுது விஷயத்தில் திருப்பிக் கொடுக்கும் கெடுவைத்தான் நம்ப வேண்டும். ஐஎஸ்ஓ 9241-307 தரநிலை எத்தனை பழுதுப் பிக்சல்களைப் பொறுக்கலாம் என்பதைப் பத்து இலட்சம் பிக்சலுக்கு இத்தனை என்று கணக்கிடுகிறது. 4கே திரையில் 83 இலட்சம் பிக்சல்கள் இருப்பதால், நான்கைந்து செத்த புள்ளி இருந்தாலும் அது உத்தரவாதத்துக்குள் வராமல் போகலாம். வந்த அன்றே திரை முழுக்கக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொன்றாக நிரப்பிப் பாருங்கள். கறுப்புத் திரையை இருட்டறையில், நேராக உட்கார்ந்து பாருங்கள். மூலையில் தெரியும் வெளிச்சம் தலையை நகர்த்தினால் மாறினால் அது ஐபிஎஸ்ஸின் இயல்பு, அசையாமல் அதே இடத்தில் நின்றால் பேக்லைட் கசிவு. பிறகு இரண்டு மணி நேரம் தொடர்ந்து படியுங்கள், ஒருமுறை தூங்கவைத்து எழுப்புங்கள், 'அண்ணன் மன்னன்' என்று அடித்துச் சுழிகளை எண்ணுங்கள். அந்தக் கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மக்கோலையும் எறிந்துவிடாதீர்கள்.